பிணத்துக்கு வசனம் கிடையாது

அந்த ஆஸ்பத்திரியில் ஐசியூ அக்கா என்றால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். ஐசியூவின் பொறுப்பு நர்ஸ் அவள். நரம்பே கிடைக்காத கையிலும் ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். மற்ற வார்டுகளில் குத்திக் குத்திச் சலித்தவர்கள் கடைசியில் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். "அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கக்கா" என்று அவர்கள் கெஞ்சுவதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். "என்னத்தைப் படிச்சீங்களோ, யாரு உங்களுக்குச் சர்டிபிகேட் குடுத்தாங்களோ" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போய், வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டு வருவாள். கை அவ்வளவு சுத்தம், வாய் அவ்வளவு மோசம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. அதற்குப் பெயர் ஒல்லி.

ஒல்லியும் அக்காவும் ஒன்றாக நர்ஸிங் படித்தவர்கள். ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே கொடியில் துணி. 'ஒல்லி' என்று பெயர் வைத்ததே அக்காதான். வைத்தது கேலிக்கு. ஆனால் பாருங்கள், அந்தப் பெயரே ஒல்லிக்குப் பெருமையாகப் போய்விட்டது. பரீட்சையில் ஒல்லி முதல், அக்கா இரண்டாவது. கல்லூரி விழாவில் மேடையில் பேசினது ஒல்லி, திரையை இழுத்தது அக்கா. சொந்தக் கல்யாண ஆல்பத்தைக்கூட அக்காவால் நிம்மதியாக யாரிடமும் காட்ட முடியவில்லை. பார்க்கிறவர்கள் பாதியிலேயே விரலை வைத்து, "இந்தப் பொண்ணு யாரு, லட்சணமா இருக்கே?" என்பார்கள். விரல் இருக்குமிடம் மணப்பெண் அல்ல, பக்கத்தில் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒல்லி.

இதையெல்லாம் பொறாமை என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அக்கா கையிலிருக்கும் டிரேயைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவாள். அவளுக்கு இருந்தது நியாயமான வயிற்றெரிச்சல். அவ்வளவுதான்.

இத்தனை நாளும் ஒரு ஆறுதல் இருந்தது. அவள் ஐசியூவுக்குப் பொறுப்பு, ஒல்லி வெளிநோயாளிப் பிரிவுக்குப் பொறுப்பு. இருவருக்கும் ஒரே பதவி, ஒரே சம்பளம். அந்த ஆறுதலில்தான் மண் விழுந்தது. வேறெங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து, யார் யாரைத் தூக்குவது என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் தூக்கப்போய்ப் பெருங்குழப்பம் ஆகிவிட்டது. உடனே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தீ, வெள்ளம், பெரிய விபத்து என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரி தயாராக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் மூத்த நர்ஸ் ஒருவரைப் பேரிடர் பொறுப்பாளராகப் போட வேண்டும். தனி அறை, தனி போன், முதுகில் எழுத்துப் போட்ட ஆரஞ்சு மேல்சட்டை.

நேர்காணலில் இருவரிடமும் ஒரே கேள்விதான். வண்டி வண்டியாக அடிபட்டவர்களைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினால் முதலில் என்ன செய்வீர்கள்?

அக்கா யோசிக்கவே இல்லை. "யாரு ரொம்ப மோசமா இருக்காங்களோ அவங்ககிட்ட ஓடுவேன் சார். ஊசி ஏத்தி, மூச்சு வர வெச்சு, உயிரைக் காப்பாத்திட்டுத்தான் நிமிருவேன்."

ஒல்லி சொன்னது பிறகு கசிந்து வந்தது. "நான் யாரையும் தொட மாட்டேன் சார். ஒருத்தரைத் தொட்டுட்டா மத்தவங்க என் கண்ணுல இருந்து மறைஞ்சுடுவாங்க. நடுவுல நின்னு, யாரை யாரு பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்."

வேலை ஒல்லிக்குக் கிடைத்தது.

"கேட்டீங்களா கூத்தை?" அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அக்கா பொரிந்து தள்ளினாள். "நோயாளியத் தொட மாட்டாளாம்! அதுக்கு ஒரு பதவியாம்! தொடாம நிக்கிறதுக்கு வாசல்ல இருக்கிற தூண் போதாதா?"

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமலே பிழைப்பு நடத்துகிறவர். "அது ஒண்ணும் லேசுப்பட்ட வேலை இல்லம்மா. நான் தினமும் அதைத்தானே பண்றேன். கை துறுதுறுன்னு வரும், பிடிச்சு இழுக்கக் கூடாது. பெரிய அவஸ்தை."

"நீங்க யாரு பக்கம்?"

"சோத்துப் பக்கம்" என்று அவர் தட்டுக்குள் குனிந்துகொண்டார்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இது தினசரித் தொடர். வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, ஒல்லி ஆன்ட்டி இன்னைக்கு என்ன தப்புப் பண்ணாங்க?" என்பாள். அக்காவும் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்துவிடுவாள்.

ஆஸ்பத்திரி முழுக்க ஒல்லியை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தது. கூடப் படித்த இன்னொருத்தி, மருந்தகத்தில் இருப்பவள், அவளும் சேர்ந்துகொண்டு "மேடம்" என்றாள். அக்கா மட்டும் மாட்டவே மாட்டேன் என்றாள். கூட்டத்திலும் "ஏய் ஒல்லி"தான், வராண்டாவிலும் "ஏய் ஒல்லி"தான். பெரிய டாக்டர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "மத்தவங்க முன்னாடியாவது ஒரு மேடம் போடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். "அவ ஜட்டிய நான் துவைச்சுப் போட்டிருக்கேன் சார், என் வாயில வராது" என்றாள் அக்கா. அவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதோடு விட்டாளா? இல்லை. ஒல்லி நடத்திய முதல் சின்ன ஒத்திகையின்போது, நடுவில் அக்கா திடீரென்று, "ஐயோ, ஐசியூவுல ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சு! நிஜமாத்தான்!" என்று அலறினாள். எல்லாரும் போட்டதைப் போட்டபடி ஓடினார்கள். மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் ஆக்ஸிஜன் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. "சும்மா, ஒல்லி எப்படிச் சமாளிக்கிறாள்னு பாத்தேன்" என்றாள் அக்கா. ஒல்லி முகம் சிவந்துபோய், ஆயாக்கள், பயிற்சி நர்ஸுகள் எல்லார் எதிரிலும், "இனிமே நீ நிஜம்னு சொன்னா நான் நம்பவே மாட்டேன்டீ" என்றாள். அன்றிரவு அக்கா நன்றாகத் தூங்கினாள்.

பெரிய ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். மேலிடத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். ஒரு பஸ் கவிழ்ந்ததாகக் கற்பனை. ஊழியர்களே அடிபட்டவர்களாக நடிக்க வேண்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். நடக்க முடிந்தவனுக்குப் பச்சை, காத்திருக்கக்கூடியவனுக்கு மஞ்சள், உடனே பார்க்க வேண்டியவனுக்குச் சிவப்பு. செத்தவனுக்குக் கறுப்பு. முன்கூட்டியே எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, யார் யாருக்கு என்ன வேஷம் என்று ஒல்லி வாசித்தாள்.

லிஃப்ட் ஓட்டுகிறவருக்குச் சிவப்பு. அவருக்கு 'ஹீரோ' என்று பெயர், ஊழியர் தின நாடகம் எதுவும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. "எனக்கு நெஞ்சுல அடி மேடம், விட்டுடுங்க, பின்னிடுறேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஐசியூ சிஸ்டர்" என்றாள் ஒல்லி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கறுப்பு."

கூடத்தில் சிரிப்பை அடக்கும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது.

"என்னது? நான் பொணமா?"

"ஆமா. பிணத்துக்கு வசனம் கிடையாது. அசையக் கூடாது, எந்திரிக்கக் கூடாது." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "குறிப்பா, பேசக் கூடாது."

அக்காவுக்குக் காது வரைக்கும் சுட்டது. ஊரில் பாதிப் பேருக்கு உயிர் கொடுத்த கை, அதைக் கொண்டுபோய்ப் பிணமாகப் படுக்கப்போடுகிறாள்! கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தவள், மீதி விளக்கம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே ஒருவன் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்ப்பதை வேடிக்கை பார்த்தாள். முன்னால் ஒல்லி என்னவோ சொல்ல, எல்லாரும் அதைக் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். 'எல்.கே.ஜி. நடத்துறா' என்று நினைத்துக்கொண்டாள்.

ஒத்திகை நாளன்று வெயில் கொளுத்தியது. வண்டி நிறுத்துமிடத்தைக் காலி செய்து, தரையில் ஆட்களைப் பரப்பிப் படுக்க வைத்தார்கள். ரத்தத்துக்கு இருமல் மருந்தில் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். பயிற்சி நர்ஸ் ஒருத்தி எல்லார் நெற்றியிலும் அதைப் பூசி, வேர்வைக்காகத் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போனாள். அக்கா ஒரு மரத்தடியில் மல்லாந்து படுத்தாள். பக்கத்தில் ஹீரோ. நடுவில், ஆரஞ்சுச் சட்டையும் கையில் மைக்குமாக ஒல்லி நின்றாள். அந்தச் சட்டை அவளுக்குப் பொருந்தித் தொலைத்தது வேறு.

விசில் ஊதியதும் ஹீரோ ஆரம்பித்துவிட்டார். "ஐயோ! என் நெஞ்சு! என் புள்ளைங்களை யாரு பாத்துக்குவா? நிஜமா வலிக்குதே! யாராச்சும் வாங்களேன்!" குடும்பத்தையே மேடை ஏற்றிவிட்டார். அட்டை மாட்ட வந்த நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் கழுத்தில் சிவப்பையும் அக்கா கழுத்தில் கறுப்பையும் மாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தாள். எங்காவது சறுக்குவாள், எங்காவது உளறுவாள் என்று காத்திருந்தாள். ம்ஹூம். "ரெண்டாவது ஸ்ட்ரெச்சர், இடது பக்கம் போங்க. மஞ்சளை நிழலுக்கு மாத்துங்க. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லியாச்சா?" ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு வார்த்தை குறைவு இல்லை. அதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்து, "ரொம்ப நல்லா நடத்துறாங்க இல்ல?" என்று இன்னொருவரிடம் சொன்னது பிணத்தின் காதில் விழுந்தது. பிணத்துக்கு வயிறு எரிந்தது.

இனிப்பு மருந்துக்கு எறும்பு வந்தது. முதலில் நெற்றியில், பிறகு இமையில். அசையக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். கடைசியில் தாங்காமல் தலையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துக் கண்ணைத் திறந்தாள்.

ஹீரோ பேசவில்லை.

அதுதான் முதலில் உறைத்தது. அந்த மனிதருக்கு ஒரு வேஷம் கொடுத்து, பார்க்க ஆளும் இருந்து, அவர் வாயை மூடி அவள் பார்த்ததே கிடையாது. முகம் சாம்பல் பூத்திருந்தது. மற்றவர்கள் மேல் பீய்ச்சிய தண்ணீர் வெயிலில் எப்போதோ காய்ந்துவிட்டது. இவர் முகத்திலோ வேர்வை ஊற்றுப்போல வந்துகொண்டே இருக்கிறது, பூசிய ரத்தமெல்லாம் கரைந்து காதோரம் வழிகிறது. வலது கை சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "அக்கா..."

நிஜம். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. ஒல்லியின் ஒத்திகை. ஒல்லியின் அதிகாரிகள். எல்லாரையும் பார்க்கிறேன் என்று நடுவில் நிற்கிறவள், ஒருவனை நிஜமாகவே கோட்டை விடுகிறாள். அது நாக்கில் தேன் சொட்டு மாதிரி இனித்தது. அந்த இனிப்போடு அவள் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு அப்படியே படுத்திருந்தாள்.

பிறகு ஹீரோவின் கை சட்டையை விட்டுவிட்டுத் தரையில் விழுந்தது.

அக்கா எழுந்துவிட்டாள். கழுத்தில் கறுப்பு அட்டை ஆட, முட்டி போட்டு அவர் மேல் குனிந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள், கழுத்தில் விரலை வைத்தாள். துடிப்பு இல்லை. இரண்டு கையையும் நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்த ஆரம்பித்தாள்.

"ஏய் ஒல்லி! இங்க பாருடீ! இவருக்கு நிஜமாவே வந்துருச்சு!"

சுற்றிலும் சிரிப்பு வெடித்தது. "பொணம் எந்திரிச்சுருச்சு டோய்!" என்று மஞ்சள் அட்டைக்காரன் ஒருவன் கைதட்டினான். அதிகாரி ஒருவர்கூடச் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

மைக்கில் ஒல்லியின் குரல், பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தது. "கறுப்பு அட்டை தயவுசெய்து படுக்கவும்."

"நிஜம்டீ! சத்தியமா நிஜம்!"

"போன தடவையும் நிஜம்னுதான் சொன்ன." ஒல்லி முதுகைத் திருப்பிக்கொண்டாள். எழுத்துப் போட்ட ஆரஞ்சு முதுகு.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். ஷாக் மெஷின் உள்ளே இருக்கிறது. கையை எடுத்துவிட்டு அவளே ஓடினால் இவர் போய்விடுவார். இங்கேயே அழுத்திக்கொண்டிருந்தால் மெஷின் வராது. சுற்றிலும் ஆஸ்பத்திரியே இருக்கிறது. டாக்டர்கள் இருக்கிறார்கள், நர்ஸுகள் இருக்கிறார்கள். எல்லாரும் ஒல்லி சொன்னால்தான் அசைவார்கள். அக்கா சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதை அவளேதான் அப்படி ஆக்கி வைத்திருக்கிறாள். அழுத்த அழுத்தக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மேடம்!"

அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"மேடம்! மேடம், கெஞ்சிக் கேக்குறேன் மேடம், ஷாக் மெஷின் அனுப்புங்க மேடம்!"

ஆரஞ்சு முதுகு திரும்பியது. ஒல்லி அக்காவைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஹீரோவைக்கூடப் பார்க்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஒத்திகை நிறுத்தம். இது நிஜம். டாக்டர், மரத்தடிக்கு ஓடுங்க. நீ, ஷாக் மெஷின். நீ, ஆக்ஸிஜன். ஸ்ட்ரெச்சர்ல இருக்கிறவங்க இறங்குங்க, ஸ்ட்ரெச்சர் இங்க வரணும். மத்தவங்க எல்லாம் சுவரோரமா நகருங்க, வழி விடுங்க."

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் ஓடினார். மெஷின் வந்தது. டாக்டர் வந்தார். ஒரு அதிர்வு கொடுத்தார்கள், அக்கா மறுபடி அழுத்தினாள். இன்னொன்று கொடுத்தார்கள். ஹீரோ இருமினார். அக்கா நாலு விரல் வைத்துத் தேடி ஊசியை ஏற்றினாள். ஒரே குத்து. "மெதுவா தூக்குங்கடா, லிஃப்ட் ஓட்ட வேற ஆள் போடுங்க" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

மருந்தகத்துக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஏன்டீ இப்படித் தொண்டை கிழியக் கத்தின? 'வெள்ளைக் குடை'ன்னு சொல்லியிருந்தா உடனே நிறுத்தியிருப்பாங்களே."

"என்ன குடை?"

"ஒத்திகை நடுவுல யாருக்காவது நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா சொல்றதுக்குன்னு மேடம் வெச்ச ரகசிய வார்த்தை. அன்னைக்கு எல்லாரையும் திருப்பிச் சொல்ல வெச்சாங்களே. நீ போன தடவை அலறினதாலதான் அதையே வெச்சாங்க. உனக்குக் காது கேக்கலையா?"

அக்கா தண்ணீரைக் குடித்தாள்.

சாயந்திரம் கூட்டத்தில் அதிகாரி எழுந்து, நிஜ ஆபத்தை உடனே உணர்ந்து ஒத்திகையை நிறுத்திய பொறுப்பாளரைப் பாராட்டினார். அக்காவுக்கு மறுபடி காது சுட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஒல்லி எழுந்து, "நான் இல்லை சார், கண்டுபிடிச்சதும் காப்பாத்தினதும் ஐசியூ சிஸ்டர்தான். நான் முதல்ல நம்பவே இல்லை, அது என் தப்பு" என்றாள். எல்லாரும் அக்காவுக்குக் கைதட்டினார்கள். உடனே அதிகாரி, "பாருங்க, இதுதான் தலைமைப் பண்பு! பேரைத் தானே வெச்சுக்காம அடுத்தவங்களுக்குக் குடுக்குறாங்க!" என்றார். அவ்வளவுதான், ஒல்லிக்கு அதைவிடப் பெரிய கைதட்டல். 'அடிப்பாவி, இதுலயும் ஜெயிச்சுட்டியே' என்று அக்கா மனசுக்குள் கருவினாள்.

இரண்டு நாள் கழித்து ஹீரோ ஐசியூவில் கண்ணைத் திறந்து, "அக்கா, என் நடிப்பு எப்படி?" என்றார்.

"கேவலம். வசனத்தை மறந்துட்ட. பேசாமப் படு."

கதவருகே ஒல்லி வந்து நின்றிருந்தாள். ஆரஞ்சுச் சட்டை இல்லை. அக்கா அவளைப் பார்க்காத மாதிரி மருந்துப் பையைச் சரி செய்தாள். ஒல்லி பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஒத்திகையில நீ கண்ணைத் திறந்தத நான் பாத்தேன்டீ. இவர் பக்கம் தலையைத் திருப்பினதையும் பாத்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மாவே கிடந்த."

அக்காவின் கை நின்றுவிட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். வீட்டில்கூடச் சொல்லாமல், இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் வைத்திருந்தது அது. நடுவில் நின்று எல்லாரையும் பார்க்கிறவள் அதையும் பார்த்திருக்கிறாள். இனி இவள் முகத்தில் எப்படி விழிப்பது? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா இருந்திருந்தா" என்றாள் ஒல்லி, "இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன்."

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். ஒல்லி சிரிக்கவில்லை. கண் ஹீரோவின் கையில் இருந்தது, ஒரே குத்தில் ஏறிய ஊசியின் மேல்.

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் நரம்பு கிடைக்காதுன்னு உனக்குத் தெரியும்ல? ஹாஸ்டல்ல உன் கையில குத்திக் குத்திதானே பழகினேன். அப்பவும் வரலை. அதான் நின்னு பேசுற வேலைக்குப் போயிட்டேன்."

அக்கா மருந்துப் பையை மறுபடி சரி செய்ய ஆரம்பித்தாள்.

"வெள்ளைக் குடையை எடுத்துட்டேன்" என்றாள் ஒல்லி, பழைய மேடம் குரலில். "அடுத்த ஒத்திகையில இருந்து ரகசிய வார்த்தை வேற."

"என்ன வார்த்தை? இந்தத் தடவை காதைத் திறந்து வெச்சுக் கேக்குறேன், சொல்லு."

"நீ என்னை மேடம்னு கூப்பிடணும். அதைக் கேட்டா இந்த ஆஸ்பத்திரியே போட்டதைப் போட்டுட்டு ஓடி வரும்."

"அப்படின்னா இனிமே இந்த ஜென்மத்துல அந்த வார்த்தை என் வாயில வராதுடீ, ஒல்லி."

"தெரியும்டீ" என்று சொல்லிவிட்டு ஒல்லி ஹீரோவின் போர்வையை இழுத்துவிட்டாள். "அதனாலதான் அதை வெச்சேன்."